டிராக்கில் ஓட்டும் ஸ்விஃப்டுக்கு வீல் ஸ்டட்: எதை வாங்குவது, எப்படிப் பார்த்துக்கொள்வது

கும்பகோணத்திலிருந்து வந்த கேள்வி, சுருக்கமாக: மாருதி ஸ்விஃப்ட், வெளியில் வாங்கிய 15 அங்குல அலாய், அதற்கும் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் சுழலும் பாகம்) நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் வளையம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் முன் சக்கரத்தில் இரண்டு நட் தளர்ந்திருக்கின்றன, ஒரு ஸ்டட்டில் (ஹப்பில் பதிந்து, நட்டோடு சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கும் மரைக்கம்பி) மரை நசுங்கியிருக்கிறது. மெக்கானிக் 12.9 கிரேடில் நீளமான ஸ்டட் போட்டால் தீர்ந்துவிடும் என்கிறார். இன்னொருவர் லேத் பட்டறையில் கடைந்தே தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்வது?

முன் ஹப் இரண்டிலும் எட்டு ஸ்டட்டையும் மாற்றுங்கள், நட்டையும் சேர்த்து. ஆனால் 12.9 போட்டதால் மட்டும் நட் தளர்வது நிற்காது. லேத்தில் கடைந்த ஸ்டட் வேண்டவே வேண்டாம். ஸ்பேசரைக் கழற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை நீங்களே முடிவெடுக்க முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் கம்பி அல்ல. ஸ்டட் ஒரு கெட்டியான ஸ்பிரிங். நட்டை முறுக்கும்போது அது இழுபட்டு நீள்கிறது. நீண்டது பழையபடி சுருங்கப் பார்க்கும் விசைதான் சக்கரத்தை ஹப் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. பிரேக்கும் வளைவும் தரும் விசையெல்லாம் அந்த அழுத்தத்தால் வரும் உராய்வின் வழியாகவே ஹப்புக்குப் போகின்றன. அழுத்தம் சரியாக இருக்கும்வரை ஸ்டட் வளைவதே இல்லை. அழுத்தம் குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் மயிரிழை அளவு நகரும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமுமாக வளையும். சில ஆயிரம் வளைவுகளில் எந்தக் கிரேடு ஸ்டட்டும் விரிசல் விடும். டிராக்கில் உடையும் ஸ்டட்டுகளில் பெரும்பாலானவை பலம் போதாமல் உடைவதில்லை, பிடி போனதால் உடைகின்றன.

எண்களில் பார்க்கலாம். ஸ்விஃப்டின் ஸ்டட் எம்12, மரை இடைவெளி 1.25 மி.மீ., நான்கு ஸ்டட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. முறுக்கு அளவு தலைமுறைக்கு ஏற்ப 85 அல்லது 100 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் கையேட்டில் இருப்பதே கணக்கு. 100 என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த சுத்தமான மரையில் ஒரு ஸ்டட்டுக்கு ஏறத்தாழ 42 கிலோநியூட்டன் இழுவிசை கிடைக்கும். நான்குக்கும் சேர்த்து 167, அதாவது 17 டன் அழுத்தம். முகங்களுக்கு இடையே உராய்வு எண் 0.15 என்று கொண்டால் சக்கரம் நழுவாமல் தாங்கக்கூடியது 25 கிலோநியூட்டன். இப்போது எதிர்ப்பக்கம்: ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார், செமி ஸ்லிக் டயர் (பள்ளம் குறைந்த, அதிகம் பிடிக்கும் டிராக் டயர்), முழு பிரேக். முன் சக்கரம் ஒன்றின் மேல் 400 கிலோ அளவுக்கு எடை விழும். அந்த விசை டயரின் ஆரத்தில் செயல்படுகிறது, ஸ்டட் வட்டமோ 50 மி.மீ. ஆரத்தில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே வந்து சேர்வது 22 கிலோநியூட்டனுக்குக் குறையாது.

25க்கும் 22க்கும் இடைவெளி எவ்வளவு குறைவு என்று பாருங்கள். நான்கில் ஒரே ஒரு நட் தளர்ந்தால் 25 என்பது 19 ஆகிவிடும். அடுத்த பிரேக்கிலேயே சக்கரம் நழுவத் தொடங்கும், மிச்சமுள்ள மூன்றும் வளையும். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஓட்டும்போது இந்த எல்லைப் பக்கமே போக மாட்டோம். 3.7 கி.மீ. டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை போகிறோம். அதனால்தான் சாலையில் வருடக்கணக்காகத் தொல்லை தராத சக்கரம் டிராக்கில் அரை நாளில் தளர்கிறது.

அடுத்த எண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், மொத்த விஷயத்துக்கும் இதுவே திறவுகோல். அந்த 42 கிலோநியூட்டனுக்கு ஸ்டட் எவ்வளவு நீள்கிறது? இழுபடும் பகுதி 25 மி.மீ. என்றால் 0.055 மி.மீ. அவ்வளவுதான். பவுடர் கோட்டிங் பூச்சு ஒன்றின் தடிமன் பொதுவாக 0.06 முதல் 0.1 மி.மீ. வரை. ஹப்பைத் தொடும் முகத்தில் பெயின்ட் அடித்த அலாய் சக்கரத்தை மாட்டி, டார்க் ரெஞ்சில் (குறித்த முறுக்கு வந்ததும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்) சரியாக இறுக்கி, டிராக்கில் சூடாக்கினால், பெயின்ட் இளகிப் பிதுங்கும். ஸ்டட்டின் மொத்த நீட்சியும் காணாமல் போகும். நட் திரும்பவே இல்லை, பிடி மட்டும் போயிற்று. துரு, காய்ந்த சேறு, ஸ்பேசரின் மேல் அடித்த கறுப்புப் பெயின்ட் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன.

நம் பக்கத்தில் இது இரட்டிப்புத் தொல்லை. டெல்டா மண் நைசான வண்டல் களிமண். மணலாக இருந்தால் கையில் உறுத்தும், தெரியும். களிமண் மெழுகியதுபோல் படிந்துவிடும். சம்பா அறுவடை நாட்களில் வயலிலிருந்து ஏறும் டிராக்டரும் அறுவடை எந்திரமும் சாலையெங்கும் சேற்றை விட்டுப்போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் சக்கரத்தின் உட்புறம் முழுக்க அது அப்பியிருக்கும். அப்படியே சக்கரத்தைக் கழற்றினால் உதிரும் சேறு ஹப் முகத்திலும் மரையிலும் விழும். ஆகவே கழற்றுவதற்கு முன்பே உட்புறத்தையும் நட் குழிகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காயவிடுங்கள். கழற்றிய பிறகு ஹப் முகம், டிஸ்க்கின் முகம், சக்கரத்தின் உள்முகம் மூன்றையும் கம்பி பிரஷாலும் 120 எண் எமரித் தாளாலும் தேய்த்து வெறும் உலோகம் தெரியும்வரை கொண்டுவாருங்கள். தொடும் முகத்தில் பெயின்ட் இருந்தால் தின்னர் போட்டுச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். நட் உட்காரும் கூம்புக் குழியிலும் பெயின்ட் இருக்கக் கூடாது.

இனி ஸ்பேசர். 5 மி.மீ. ஸ்பேசர் 1.25 மரையில் சரியாக நான்கு சுற்றைத் தின்றுவிடும். எஃகு நட் எஃகு ஸ்டட்டைப் பிடிக்க, குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்கு மரை கோக்க வேண்டும்: 12 மி.மீ., உங்கள் மரையில் பத்து சுற்று. இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சக்கரத்தை மாட்டி, நட்டைக் கையால் அது உட்காரும்வரை திருகி, பிறகு ஒரு அடையாளம் வைத்து முழுசாகக் கழலும்வரை சுற்றுகளை எண்ணுங்கள். பத்துக்குக் கீழே வந்தால் அந்தச் சக்கரத்தை டிராக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. கம்பெனி ஸ்டட்டும் ஸ்பேசரும் சேர்ந்தால் ஆறு ஏழு சுற்றில் நிற்பது வழக்கம். உங்கள் காரில் மரை நசுங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஸ்பேசரில் இன்னொரு குறை, தொடும் முகங்களில் ஒன்றைக் கூட்டிவிடுகிறது. டயர் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் உரசாது என்றால் ஸ்பேசரை எடுத்துவிடுங்கள். உரசும் என்றால், சரியான ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பைத் தொடும் முகம் விலகும் அளவு) உள்ள சக்கரம் தேடுவதுதான் நல்ல வழி. வேறு வழியே இல்லையென்றால் ஹப்பின் நடு உதட்டில் கச்சிதமாக உட்காரும், எந்திரத்தில் கடைந்த ஒரே துண்டு அலுமினிய ஸ்பேசரும் அதற்கேற்ற நீள ஸ்டட்டும் போட வேண்டும். உதட்டையே மறைத்துவிடும் தட்டை வளையத்தையும், எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று நீள்துளை போட்ட ஸ்பேசரையும் தொடாதீர்கள்.

நடு ஓட்டை: ஸ்விஃப்டின் ஹப் உதடு 54.1 மி.மீ. வெளியில் கிடைக்கும் அலாயின் நடு ஓட்டை பெரும்பாலும் அதைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்கும் வளையம் பிளாஸ்டிக்கில் இருந்தால் டிராக் சூட்டில் இளகி உருக்குலையும். அலுமினிய வளையம் போடுங்கள். அது ஹப்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க உதட்டில் மட்டும் ஆன்டி சீஸ் மிக மெல்லியதாகத் தடவலாம். ஹப் முகத்திலும் மரையிலும் அது படவே கூடாது.

கிரேடு. 8.8, 10.9, 12.9 என்ற மூன்றில் முதல் எண் இழுவலிமை, அடுத்தது எந்தப் பங்கில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. உங்கள் மரை அளவில், நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை 8.8க்கு 53 கிலோநியூட்டன், 10.9க்கு 76, 12.9க்கு 89. நமக்குத் தேவை 42. 8.8 இந்த வேலைக்கு மிச்சம் வைப்பதில்லை. 10.9 போதும், தாராளமாகவே போதும். 12.9க்கு ஒரே சாதகம், தவறாக அதிகம் முறுக்கினாலும் கொஞ்சம் கூடத் தாங்கும். அதற்கு நாம் கொடுக்கும் விலை கடலோரத்தில் அதிகம்.

அது எப்படி என்றால்: எஃகு கடினமாகக் கடினமாக ஹைட்ரஜனுக்குப் பயப்படும். மின்முலாம் பூசும்போதும், இழுபட்ட நிலையில் உப்பு ஈரத்தில் துருவேறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். இப்படிப்பட்ட ஸ்டட் இறுக்கிய அன்று உடையாது. சில மணி நேரமோ சில வாரமோ கழித்து, வண்டி நிற்கும்போதுகூட, முன்னறிவிப்பில்லாமல் தலை தெறிக்கும். 12.9க்குப் பளபளவென்று ஜிங்க் அல்லது குரோம் மின்முலாம் பூசியிருந்தால், முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் சூடேற்றி ஹைட்ரஜனை வெளியேற்றியிருக்க வேண்டும். செய்தார்களா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால், தரங்கம்பாடி என்று உப்புக்காற்றில் ஓடும் காருக்கு, கறுப்பு பாஸ்பேட் அல்லது ஜிங்க் ஃபிளேக் பூச்சுள்ள 10.9 ஸ்டட்டைத்தான் பரிந்துரைப்பேன். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் ஏஆர்பி போன்ற பந்தய ஸ்டட் போட்டாலும் குற்றமில்லை. கூடவே வரும் தாளில் எந்த மசகு, எத்தனை முறுக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் அப்படியே பின்பற்றுங்கள். பளபளக்கும் குரோம் ஸ்டட், பெயரில்லாத வண்ண நட், அலுமினிய நட் மூன்றும் டிராக்குக்கு உதவாது.

லேத் பட்டறை விஷயம். டெல்டாவில் பம்புசெட்டுக்கும் அறுவடை எந்திரத்துக்கும் உதிரி பாகம் கடைந்து ஓடவைக்கும் கைகளின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே குறை திறமையில் அல்ல, முறையில். நல்ல ஸ்டட்டின் மரை வெட்டப்படுவதில்லை, உருட்டி அழுத்தப்படுகிறது. எஃகின் இழைகள் மரையின் வளைவோடு சேர்ந்து ஓடும், பள்ளத்தின் அடி மழமழப்பாக இருக்கும். லேத்தில் வெட்டிய மரையின் அடியில் கூர்மையான கோடு விழும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கடையில் கிடைக்கும் கம்பி எந்த எஃகு என்பதும், கடைந்தபின் சரியாகப் பதம் ஏற்றினார்களா என்பதும் அடுத்த கேள்விகள். லேத் பட்டறையிடம் நடு ஓட்டை வளையம் கடையச் சொல்லுங்கள், ஸ்டட்டை அழுத்த அவர்களின் பிரஸ்ஸைக் கேளுங்கள். ஸ்டட்டை வாங்கிப் போடுங்கள்.

வாங்கும்போது எம்12 என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய ஸ்டட் ஒன்றைக் கழற்றி வெர்னியரில் நான்கு அளவு எடுங்கள்: ஹப்புக்குள் இறுகும் பல்வரியின் விட்டம், அந்தப் பல்வரியின் நீளம், தலையின் விட்டமும் தடிமனும், தலைக்குக் கீழே மொத்த நீளம். பல்வரி விட்டம்தான் உயிர். சிறிதாக இருந்தால் நட்டை முறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். பெரிதாக இருந்தால் ஹப் துளை விரிசல் விடும். அசலிலிருந்து 0.1 மி.மீ.க்கு மேல் விலகினால் வாங்காதீர்கள். தலை தடித்திருந்தால் பின்னால், ஹப்பைத் தாங்கும் நக்கிளிலோ ஏபிஎஸ் சென்சாரிலோ உரசும். மரை இடைவெளியில் இன்னொரு பொறி இருக்கிறது: மாருதி, நிசான், சுபாருவுக்கு 1.25, ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய்க்கு 1.5. 1.5 நட் உங்கள் ஸ்டட்டில் ஓரிரு சுற்று ஏறிவிட்டுத்தான் இறுகும். ஏர் கன் வைத்தால் மரையைச் சிதைத்துக்கொண்டே உள்ளே போய்விடும். மரை நசுங்கியதற்கு இரண்டாவது சந்தேகம் இது. உங்களிடம் இருக்கும் நட்டுகளை 1.25 மரை கேஜில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

நீள ஸ்டட்டில் முனை மரையில்லாமல் கூம்பாக இருப்பதை வாங்கினால் நட் கோணலாக ஏறாது. அவசரமாக டயர் மாற்றும் இடத்தில் இது பெரிய உதவி. ஆனால் மரை எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். தலைப்பக்கம் மரையில்லாத தண்டு நீளமாக இருந்தால், ஸ்பேசரை எடுத்த பிறகு நட் உட்காரும் முன்பே மரை முடிந்துவிடும். மூடிய நட்டிலும் இதே ஏமாற்று: ஸ்டட்டின் நுனி மூடியில் முட்டி, டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லிவிடும், சக்கரமோ இறுகியிருக்காது. நீள ஸ்டட்டுக்குத் திறந்த நட்தான். கிரேடு 10 எஃகு நட், 19 மி.மீ. அறுகோணம், 60 டிகிரி கூம்பு. கூம்பு சரியாக உட்காருகிறதா என்று பார்க்க நட் கூம்பில் மார்க்கர் மையைத் தடவி, கையால் இறுக்கித் திருப்பிக் கழற்றுங்கள். குழியில் முழு வட்டமாக மை பதிய வேண்டும். ஒரு கோடாக மட்டும் பதிந்தால் கோணம் வேறு. ஹோண்டாவின் உருண்டை அடி நட் கூம்புக் குழியில் அப்படித்தான் பதியும்.

மாற்றும் முறை. சக்கரம், கேலிப்பர், டிஸ்க் கழற்றியதும் ஹப்பைத் திருப்பி, ஸ்டட்டின் தலைக்குப் பின்னால் நக்கிளில் இடம் கிடைக்கும் நிலையைத் தேடுங்கள். இடம் இருந்தால் பால் ஜாயின்ட் கழற்றும் திருகுக் கவ்வியாலேயே பழைய ஸ்டட்டை வெளியே தள்ளிவிடலாம். சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுக்க வீல் பேரிங்கின் குண்டுகளில் இறங்கும். பிறகு 80 கி.மீ. வேகத்தில் ஊளைச் சத்தம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் ஹப்பையே பிரஸ்ஸில் வெளியே எடுக்க வேண்டும், அப்படி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது. புதுசு வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சில சிறிய கார்களில் பின் பக்கம் டிரம்மும் ஹப்பும் ஒரே துண்டு. அதை மேசைக்குக் கொண்டுபோய்ப் பிரஸ்ஸில் செய்வது சுலபம்.

புது ஸ்டட்டைப் பழைய பல்வரித் தடத்திலேயே பொருத்தி நேராக வைத்துப் பிரஸ்ஸால் அழுத்துவது முதல் வழி. பிரஸ் எட்டாவிட்டால், முன்பக்கம் தடித்த வாஷர்களை அடுக்கி, பழைய நட் ஒன்றைத் தட்டைப்பக்கம் வாஷரைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டு, நட்டுக்கும் வாஷருக்கும் இடையில் கிரீஸ் தடவி, கையால் மெதுவாக இழுத்து உட்கார வைக்கலாம். இந்த வேலைக்கு ஏர் கன் வேண்டாம். வேலை முடிந்ததும் மரையில் பட்ட கிரீஸை பிரேக் கிளீனரால் முழுசாக எடுத்துவிட வேண்டும், அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தலை ஹப்பின் பின்முகத்தோடு முழுசாக ஒட்டியிருக்கிறதா என்று 0.05 மி.மீ. ஃபீலர் கேஜால் சுற்றிலும் பாருங்கள், எங்கும் நுழையக் கூடாது. சற்றே தூக்கி நிற்கும் ஸ்டட் டிராக்கில் சூடேறியதும் உள்ளே இறங்கும். மேலே சொன்ன 0.055 மி.மீ. கணக்கு அதோடு தீர்ந்தது.

துளை தேய்ந்து ஸ்டட் சுற்றினால் தலையில் ஒரு புள்ளி வெல்டு வைப்பது பல பட்டறைகளில் நடக்கிறது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். பதம் ஏற்றிய எஃகில் வெல்டு விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் கண்ணாடிபோல் நொறுங்குவதாகவும் அதற்கு அடுத்த வளையம் மிருதுவாகவும் ஆகிவிடும். தலையும் தண்டும் சேரும் அந்த இடம் விசை குவியும் இடங்களில் ஒன்று. தேய்ந்த ஹப்புக்கு மருந்து புது ஹப் மட்டுமே.

முறுக்குவதில் நம்மூரில் அதிகம் கெடுவது பஞ்சர் கடையில். ஏர் கன் எத்தனை நியூட்டன் மீட்டர் தருகிறது என்று யாருக்கும் தெரியாது. 200 போனாலே உலர் மரையில் 83 கிலோநியூட்டன், 10.9 ஸ்டட்டின் எல்லை 76தான், ஆகவே அது நிரந்தரமாக நீண்டுவிடும். மரையில் எண்ணெய் விடுவதும் இதே வகை ஆபத்து. உராய்வு குறைவதால் அதே 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு 42க்குப் பதில் 55 வரை இழுக்கும். மாலிப்டினம் கிரீஸ் என்றால் 70ஐ நெருங்கும். கைக்கு அதே கிளிக்தான் கேட்கும், ஸ்டட்டோ எல்லையில் நிற்கும். ஆகவே கம்பெனி சொன்ன அளவு உலர்ந்த மரைக்கானது என்று நினைவில் வையுங்கள். துருவுக்குப் பயந்து எண்ணெய் விடாதீர்கள். இறுக்கி முடித்த பிறகு, நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரையின் மேல் மட்டும் மெழுகு ஸ்பிரே அடித்தால் உப்புக்காற்றுக்கு அது போதும். அடுத்த முறை கழற்றும் முன் அதைக் கம்பி பிரஷால் துடைத்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நட் அதை மரைக்குள் இழுத்துப்போகும்.

அரை அங்குல டார்க் ரெஞ்ச், 40 முதல் 200 வரை அளவுள்ளது, காரிலேயே இருக்கட்டும். பஞ்சர் ஒட்டுபவரிடம் நட்டைக் கையால் மட்டும் திருகிக் கொடுக்கும்படி சொல்லிவிட்டு, கடைசி இறுக்கத்தை நீங்களே செய்யுங்கள். கார் ஜாக்கியில் இருக்கும்போது எதிரெதிராகப் பாதி அளவு, தரையில் இறக்கிய பிறகு எதிரெதிராக முழு அளவு. ஒரு கிளிக் போதும். டார்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வையுங்கள். ஆண்டுக்கொருமுறை அளவு சோதிக்கக் கொடுங்கள்.

டிராக் நாளில்: கும்பகோணத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 300 கி.மீ. புது ஸ்டட் போட்டிருந்தால் முதல் 50 கி.மீ.யில் நிறுத்தி ஒருமுறை பார்க்க வேண்டும். இடத்துக்குப் போனதும், கார் முழுசாகக் குளிர்ந்த பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை கிளிக் வரை சோதித்து, நட்டிலிருந்து சக்கரத்தின் மேல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்து வந்தவுடன் அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள். கோடு முறியாமல் இருந்தால் சூட்டில் ரெஞ்சை வைக்க வேண்டாம். அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், 20 மி.மீ. தடிமனும் 80 டிகிரி சூடும் என்றால் வித்தியாசம் 0.018 மி.மீ. அந்தச் சூட்டில் சரியான அளவுக்கு முறுக்கினால், குளிர்ந்ததும் பிடியில் கணிசமான பங்கு குறைந்துவிடும். கோடு விலகியிருந்தால், வீடு திரும்பும் அளவுக்குக்கூட அப்படியே ஓட்டாதீர்கள்: குளிர விட்டு, சக்கரத்தைக் கழற்றி, முகத்தையும் குழியையும் பார்த்து, மறுபடி மாட்டுங்கள். கோடு முறியாமலே பிடி போகவும் கூடும் என்று முன்பு சொன்னேன்; அதனால் குளிர்ந்த நிலைச் சோதனையை மதிய இடைவேளையிலும் கிளம்பும் முன்பும் விடாமல் செய்யுங்கள். ஒரே நட் இரண்டு தடவை கிளிக் வருவதற்கு முன் திரும்பினால் அந்த ஸ்டட் நீண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நீண்ட ஸ்டட்டைக் கண்டுபிடிக்கப் புது நட் ஒன்றே போதும். கையால் திருகினால் கடைசிவரை தடையில்லாமல் போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கே மரை இடைவெளி மாறியிருக்கிறது. நட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் ஆரம்போல் படிந்திருப்பது சக்கரம் நகர்ந்ததற்குச் சாட்சி. சக்கரத்தின் துளை நீள்வட்டமாகியிருந்தால் சக்கரமும் போயிற்று. சந்தேகம் இருந்தால் மூன்று டப்பா சிவப்புச் சாய விரிசல் சோதனை ஸ்பிரே வாங்கி, தலைக்கடியிலும் முதல் மரையிலும் பாருங்கள்.

உடைந்த ஸ்டட் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். உடைந்த முகத்தில் ஓரத்திலிருந்து பிறை பிறையாக வரிகள் தெரிந்தால் தளர்ந்து ஓடி வளைந்து உடைந்தது. ஓரப் பகுதியில் துரு இருந்தால் விரிசல் பல நாளாக இருந்திருக்கிறது. உடைந்த இடத்தில் தண்டு இடுப்புபோல் மெலிந்திருந்தால் அதிகம் முறுக்கியது. மெலியாமல், கற்கண்டு உடைத்ததுபோல் மணிமணியாக மின்னினால் ஹைட்ரஜன் வேலை; அந்தத் தொகுதி ஸ்டட் முழுவதையும் மாற்ற வேண்டும். எப்படி உடைந்தாலும் அந்த ஹப்பில் மிச்சமுள்ள மூன்றையும் மாற்றுங்கள், உடைந்ததன் சுமையை அவைதான் சுமந்திருக்கின்றன. உடையாவிட்டாலும், டிராக்குக்குப் போகும் காரில் முன் ஸ்டட்டையும் நட்டையும் இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுவது என் கணக்கு. செமி ஸ்லிக் போட்டு அடிக்கடி போகிறவர்கள், கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் சேர்த்துப் போகிறவர்கள், ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். அது இரும்புச் சக்கரம், தடிமன் குறைவு. நீள ஸ்டட்டும் திறந்த நட்டும் அதில் சரியாக உட்காருகின்றனவா, மரை நட்டுக்கு அடியிலேயே முடிந்துவிடவில்லையா என்று வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கம்பெனி நட் நான்கைத் தனிப் பையில் ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள்.

ஸ்டட்டுக்குப் பதில் போல்ட் உள்ள கார்களில், உதாரணமாகப் போலோவில் எம்14×1.5, 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து, உருண்டை அடி, 120 நியூட்டன் மீட்டர். அடிக்கடி சக்கரம் மாற்றினால் ஹப்பின் மரை தேயும் என்பதால் திருகு ஸ்டட்டுக்கு மாறுவது நல்லதுதான். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பின்னிணைப்பு ஜே விதிகளும், பிடிக்கும் இடங்களின் எண்ணிக்கையும் மரை விட்டமும் காப்பாற்றப்பட்டால் போல்ட்டை ஸ்டட்டும் நட்டுமாக மாற்ற அனுமதிக்கின்றன. ஹப்புக்குள் ஸ்டட் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு அசல் போல்ட் போகும் ஆழமே அளவு. குறைந்தால் பிடி போதாது, கூடினால் பின்னால் முட்டும். மரை ஒட்டும் பசையில் சாதாரண சிவப்பு வகை 150 டிகிரிக்கு மேல் பலம் குறையும், ஆகவே 230 டிகிரி தாங்கும் லாக்டைட் 272 போன்றதைத் தேர்ந்து, எண்ணெய்ப் பசை இல்லாத மரையில் போட்டு, லேசாக இறுக்கி, 24 மணி நேரம் காய விட்ட பிறகே சக்கரத்தை மாட்டுங்கள். புது நட்டின் அடி உங்கள் சக்கரத்தின் குழியோடு ஒத்துப்போக வேண்டும்: அசல் போலோ சக்கரத்துக்கு உருண்டை, வெளியில் வாங்கிய அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு.